அவரைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள்

முப்பத்தெட்டு வயதில், விவாகரத்தாகி ஐந்து வருடங்களுக்குப் பிறகு, முன்பின் தெரியாத ஓர் ஆணைச் சந்திப்பதற்காக நான் முதன்முதலாக ஒரு கோப்பிக் கடைக்குப் போனேன். என் கைபேசியில் அந்தச் செயலியைப் போட்டுத் தந்தவள் என்னோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரப் பெண். படத்தைப் பார், பிடித்தால் வலப்பக்கம் தள்ளு, பிடிக்காவிட்டால் இடப்பக்கம் தள்ளு, கலியாணம் கட்ட வேண்டிய அவசியமெல்லாம் இல்லை, கதைத்துச் சிரித்துவிட்டு வா என்றாள். அவளுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கு ரொறொன்ரோ ஒரு பெரிய நகரம்.

எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர் மடிப்புக் கலையாத சட்டையும் வாசனையுமாக வந்திருந்தார். கோப்பி ஆறுவதற்கு முன்னரே கேட்டார்.

"ஊரில எவடம்?"

சொன்னேன்.

"அதில எந்தப் பக்கம்?"

அதையும் சொன்னேன்.

"அப்ப உங்கட அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்சவரோ? எங்கட அத்தான் அவரிட்ட நல்லா அடி வாங்கினவர்!"

மூன்றே கேள்வியில், இறந்து பதினொரு வருடமான என் அப்பா பிரம்போடு வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு யார் யாரை ஆசையோடு பார்ப்பது? நாங்கள் இருவரும் அப்பாவைப் பற்றி அரைமணி நேரம் மரியாதையாகப் பேசிவிட்டு எழுந்தோம். நான் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் அம்மாவுக்கு அந்த அத்தானின் மனைவியிடமிருந்து அழைப்பு வந்திருந்தது. சும்மா சுகம் விசாரித்தாராம்.

இலட்சக்கணக்கான ஆட்கள் இருக்கும் நகரத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு ஒளிய இடமில்லை. நானும் அம்மாவும் இருப்பது, எங்கள் ஆட்கள் நிறைந்த ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தில். லிஃப்டில் ஏறினால் ஆறு பேரில் நாலு பேர் 'எங்க பிள்ளை வெளிக்கிட்டாச்சு?' என்பார்கள். போதாக்குறைக்கு என் வேலை பல் கிளினிக் ஒன்றின் முன்மேசையில். மருத்துவர் தமிழர், நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் தமிழர், பல்வலி எல்லோருக்கும் வரும். ஸ்காபரோவில் நான் பார்க்காத வாய் குறைவு என்று பகிடியாகச் சொல்வேன். அந்த வாய்களும் என்னைப் பார்த்திருந்தன என்பதுதான் கரைச்சல்.

ஆகவே சட்டங்கள் போட்டேன். ஸ்காபரோவுக்குள் சந்திப்பதில்லை. ஊர் கேட்பதில்லை, சொல்வதில்லை. தகப்பன் பெயர் கேட்பவனிடம் இரண்டாம் கோப்பி குடிப்பதில்லை. இந்தச் சட்டங்களோடு இரண்டு வருடத்தில் ஏழெட்டுப் பேரைச் சந்தித்தேன். ஒருவர் தன் தாயோடு வீடியோவில் கதைக்கச் சொன்னார். இன்னொருவர் வந்து, என்னைக் கண்டு, தூரத்திலேயே திரும்பிப் போய்விட்டார். ஏனென்று இன்றுவரை தெரியாது. மனம் நொந்துதான் போனேன். ஆனால் அதைச் சொல்லி அழுவதற்கும் ஆள் இல்லை.

அவரைச் சந்தித்தது நாற்பதாவது வயதில். நகரத்துக்கு மேற்கே, பிறம்ரனில் இருந்தார். லொறி ஓட்டுபவர். செயலியில் இருந்த படத்தில் ஒரு சிவப்பு லொறிக்குப் பக்கத்தில், யாரோ அடித்துப் படமெடுத்ததுபோல் முழித்துக்கொண்டு நின்றார். அந்த முழி பிடித்துத்தான் வலப்பக்கம் தள்ளினேன். முதல் சந்திப்புக்குப் பிறம்ரனில் ஒரு பஞ்சாபித் தேநீர்க் கடையைச் சொன்னார். அங்கே எல்லோரும் எங்களையும் பஞ்சாபிகள் என்று நினைத்துப் பஞ்சாபியிலேயே கதைத்தார்கள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அவர் ஊர் கேட்கவில்லை. "காரில வரக்குள்ள என்ன பாட்டுக் கேட்டீங்க?" என்றுதான் கேட்டார். 'வரக்குள்ள' என்றதிலேயே ஆள் மட்டக்களப்புப் பக்கம் என்று விளங்கிவிட்டது. நான் கேட்டுக்கொண்டு வந்தது 401 நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் விபத்து என்ற செய்தியை. ஆனால் ஒரு நல்ல பாட்டின் பெயரைச் சொன்னேன். அந்தச் சின்னப் பொய்யோடுதான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

பதினைந்து மாதம் நீடித்தது. ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமைகளில் அம்மாவிடம் கிளினிக்கில் வேலை என்று சொல்லிவிட்டு 401 இல் மேற்கே ஏறுவேன். சும்மா பழக்கம்தான், பெயர் ஒன்றும் வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னவள் நான். அவர் சரி என்றார். மீன் சொதி வைப்பார். நான் பாத்திரம் கழுவுவேன். லொறி போகிற இடங்களைச் சொல்வார். நான் பல் கதைகள் சொல்லிச் சிரிக்க வைப்பேன். சந்தோசமாக இருந்தேன். இதைச் சொல்ல ஏன் எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது என்று தெரியவில்லை.

ஒருநாள் பல்வலி என்று எங்கள் கிளினிக்குக்கே வந்து நின்றார். வருவதாக முன்பே சொல்லியிருந்தார். தமிழில் நோவைச் சொன்னால்தான் தனக்கு நோவு குறையும் என்றார். இருக்கைகளில் ஐந்தாறு பேர் இருக்க, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வணக்கம் அக்கா, அப்பொயின்ற்மென்ற் இருக்கு" என்றார். என்னைவிட நாலு வயது மூத்த மனிதர்! அன்று மாலை தொலைபேசியில் நன்றாக ஏசினேன். அவர் விறைத்த வாயோடு சிரித்தார். ஒளித்து விளையாடுவதில் எனக்கு ஒரு ருசி இருந்தது, அதை மறுக்கமாட்டேன்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அவருடைய அக்காவின் மகள், பதினெட்டு வயதுப் பிள்ளை, கல்லூரியில் படிப்பதற்காக அவர் வீட்டில் தங்கியிருந்தாள். வேலை முடிந்து வரும்போது அவர் பத்து நிமிடத்துக்கு முன்னரே அவளுக்கு அழைத்து, "நான் வாறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் வருவார். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டித் திறப்பார். ஏன் இப்படி என்று கேட்டேன். "அவ இருக்கிற வீடுதானே. திடுக்கிடக் கூடாது" என்றார். அந்தப் பிள்ளை அவருக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு சோபாவில் கிடந்து, வாய் ஓயாமல் கதைப்பாள். ஒரு பெண்பிள்ளை ஒரு வீட்டில் பயமில்லாமல் இருக்கிறாளா இல்லையா என்று பார்த்ததும் தெரியும். நான் அதைப் பதினைந்து மாதம் கண்ணால் கண்டேன்.

கடைசியில் ஒருநாள், சொதிக்குத் தேசிக்காய் பிழிந்துகொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நான் ஒருக்கா வந்து அம்மாவோட கதைக்கட்டா?"

எனக்கு உடனே கோபம் வந்தது. பயத்தைக் கோபமாக மாற்றுவதில் நான் கெட்டிக்காரி. "சும்மா பழக்கம் எண்டுதானே கதைச்சனாங்கள்" என்றேன். "ஓம், கதைச்சதுதான்" என்றார். நான் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் அது பாதி உண்மை. அம்மா கேட்பார், மாமிமார் கேட்பார்கள், லிஃப்டில் கேட்பார்கள். மற்றப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. லொறி ஓட்டுபவர், கிழக்குப் பக்கம், நான் கணக்கு வாத்தியாரின் மகள். அப்படி ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. பஞ்சாபிக் கடையில் ஊர் கேட்காத மனிதரை நான் உள்ளுக்குள் ஊர் கேட்டுத்தான் வைத்திருந்தேன்.

அத்தோடு பிரிந்தோம். சண்டை இல்லை. "இனி மெசேஜ் ஒண்டும் போடாதேங்கோ, அம்மா என்ர போனைப் பாக்கிறவ" என்றேன். அவர் சொன்ன சொல் காத்தார். ஒரு வருடம் ஒரு எழுத்துக்கூட வரவில்லை.

இனி நடந்ததை விளங்கிக்கொள்ள, எங்கள் ஆட்கள் விசாரிக்கும் முறை தெரிய வேண்டும். ஒரு சம்பந்தம் பேசத் தொடங்கினால் இரண்டு பக்கமும் விசாரிப்பார்கள். கூட வேலை செய்தவர், முன்பு கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தவர், கோயிலில் இரண்டு தரம் கண்டவர், எல்லோருக்கும் அழைப்புப் போகும். அம்மாவுக்கு மாதத்தில் இரண்டாவது வரும். அம்மா அதில் பழம் தின்று கொட்டை போட்டவர். எங்கள் சனம் தொலைபேசியில் யாரைப் பற்றியும் கெட்டதாகச் சொல்வதில்லை. ஒரு பிள்ளையின் வாழ்வைக் குழப்பிய பழி தங்களுக்கு வரக்கூடாது. நல்ல ஆள் என்றால் வாய் நிறையச் சொல்வார்கள், கேளாததையும் சேர்த்துச் சொல்வார்கள். இல்லையென்றால் பின்வாங்குவார்கள். "எங்களுக்கு அவ்வளவு பழக்கமில்லை, நீங்கள் நல்லா யோசிச்சுச் செய்யுங்கோ." அதைக் கேட்டதும் மறுபக்கம் நன்றி சொல்லி வைத்துவிடும். அந்தச் சம்பந்தம் அன்றோடு சரி. அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு, "நான் ஒண்டும் சொல்லேல்லையே" என்பார். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். எந்தச் சொல் எந்தக் கதவைச் சாத்தும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு பின்னேரம். அம்மா பக்கத்தில் இருந்து, தொலைக்காட்சியில் நாடகம் பார்த்தபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் கைபேசியில் தெரியாத ஓர் இலக்கம்.

"வணக்கம் அக்கா. நான் அஜக்ஸில இருந்து கதைக்கிறன். கரைச்சல்படுத்திறதுக்குக் குறை நினைக்காதேங்கோ. ஒரு ஆளைப் பற்றி உங்களிட்ட விசாரிக்கலாமோ?"

குரல் இளமையாக இருந்தது. என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். "சொல்லுங்கோ" என்றேன். அவருடைய பெயரைச் சொன்னாள்.

ஒரு வருடமாக யாரும் என் காதில் சொல்லாத பெயர். அம்மாவுக்கு விளங்கிவிடுமோ என்று முதலில் அம்மாவைத்தான் பார்த்தேன். அம்மா கீரையில் இருந்தார்.

"ஓம், எங்கட கிளினிக்குக்கு வாறவர்" என்றேன்.

மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு மனுசன் தவறி ஆறு வருசம் அக்கா. அவரை எனக்குப் பிடிச்சிருக்கு. அதை மறைக்கேல்லை. ஆனா நான் தனி ஆள் இல்லை. பன்னிரண்டு வயசில ஒரு மகள் இருக்கிறாள். நான் நைற் வேலைக்கும் போறனான். உங்களை ஒரு பொம்பிளையா நினைச்சுக் கேக்கிறன். இந்த ஆளை நம்பி என்ர பிள்ளை இருக்கிற வீட்டுக்குள்ள எடுக்கலாமோ?"

இந்த உலகத்தில் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவருடைய அக்காவின் மகளும் நானும். அவ்வளவுதான். கதவைத் தட்டித் திறப்பதைச் சொல்லியிருக்கலாம். பத்து நிமிடத்துக்கு முன் அழைப்பதைச் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? வேறொன்றும் சொல்லாமல் "கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ, தங்கமான மனிசன்" என்றாவது சொல்லியிருக்கலாம். கிளினிக்கில் முன்மேசையில் இருப்பவள் ஒரு நோயாளியைப் பற்றி அப்படிச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். விசாரிப்பு அழைப்பு என்றால் அவருக்குக் காது நீளும். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன். "எனக்கு அவரை அவ்வளவாத் தெரியாது தங்கச்சி. பல்லுக் காட்ட வாறவர், அவ்வளவுதான்."

இதோடு நிறுத்தியிருந்தால் பயத்தில் சொன்னேன் என்று என்னை நானே மன்னித்திருப்பேன். நான் நிறுத்தவில்லை.

"பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடு. நீங்கள் நல்லா யோசிச்சுச் செய்யுங்கோ."

"சரி அக்கா. விளங்குது. பெரிய உபகாரம்" என்றாள். வைத்துவிட்டாள்.

"ஆரடி?" என்றார் அம்மா.

"கிளினிக்குக்கு வாற ஒரு ஆளை விசாரிக்கினம்."

"நீ என்ன சொன்னனீ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

"அதுதான் நல்லது" என்றுவிட்டு அம்மா சத்தத்தைக் கூட்டினார்.

அன்றிரவும் அடுத்த நாட்களும் எனக்கு நானே நிறையச் சமாதானம் சொன்னேன். நோயாளியைப் பற்றி வெளியே கதைப்பது சட்டப்படி பிழை என்றேன். சுவரில் அதை எழுதி ஒட்டியிருப்பதே நான்தானே என்றேன். அம்மா பக்கத்தில் இருந்ததால்தான் என்றேன். எல்லாம் உண்மை, எல்லாம் சாட்டு. அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் குரல் இளமையாக இருந்ததும், 'எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு' என்று வெட்கமில்லாமல் சொல்ல அவளுக்கு முடிந்ததும் எனக்குச் சுட்டது. நான் வேண்டாம் என்று வைத்த ஆளை இன்னொருத்தி வாய் திறந்து வேண்டும் என்கிறாள். பொறாமைதான். வேறு நல்ல பெயர் அதற்குக் கிடையாது.

மே மாதம், மதிய உணவு நேரத்தில், வேலையிடத்தில் சும்மா அந்தச் செயலியைத் திறந்து தட்டிக்கொண்டிருந்தேன். சிவப்பு லொறி வந்தது. அதே படம், அதே முழி. அவர் செயலியிலிருந்து விலகி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. திரும்ப வந்திருந்தார் என்றால் அஜக்ஸ் கதை முடிந்துவிட்டது என்று பொருள். விரலை எந்தப் பக்கமும் தள்ள முடியாமல், கடித்த பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். படத்தின் கீழே முன்பு இருந்ததையே திரும்ப எழுதியிருந்தார்: கதைக்க, சிரிக்க, சாப்பிட.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அவர் தனியாகச் சொதி வைத்துச் சாப்பிடுவது கண்ணில் வந்து வந்து நின்றது. அம்மா இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். கிளினிக்கில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தைக் கொடுத்து மருத்துவரிடம் ஏச்சு வாங்கினேன். ஒரு மனிதர் வீட்டுக்குள் வரத் தகுதியில்லாதவர் என்று ஒரு தாய் நம்பியிருக்கிறாள். அதுவும் பெண்பிள்ளை விசயத்தில். குடிகாரன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அநியாயமில்லை. இதைத் திருத்த ஒரே வழிதான் இருந்தது. அவளை அழைத்து, நான் யார் என்று சொல்லி, உண்மையைச் சொல்வது. அப்படிச் சொன்னால் அஜக்ஸில் ஒருத்திக்குத் தெரியும். அவள் வேறொருத்திக்குச் சொல்வாள். ஒரு வாரத்தில் லிஃப்டுக்குள் வந்துவிடும்.

மூன்று வாரம் அதிலேயே கழிந்தது. பிறகு ஒருநாள், வருவது வரட்டும் என்று, மதிய இடைவேளையில் கிளினிக்கின் பார்க்கிங்கில் காருக்குள் இருந்து அழைத்தேன். பழைய அழைப்புகளில் அவளுடைய இலக்கம் அப்படியே இருந்தது. எடுத்தாள். அவள் ஒன்றும் கேட்பதற்கு முன்னரே, நின்றால் சொல்லமாட்டேன் என்ற பயத்தில் கொட்டித் தீர்த்தேன்.

"நான் பெப்ரவரியில நீங்கள் போன் எடுத்து விசாரிச்ச ஆள் கதைக்கிறன். அண்டைக்கு நான் சொன்னது பொய். அவரை எனக்கு நல்லாத் தெரியும். ஒண்டே கால் வருசம் நானும் அவரும் பழகினனாங்கள். அவர் தங்கமான மனிசன். அவரின்ர மருமகள், அக்காவின்ர பிள்ளை, அந்த வீட்டில இருந்தவள், அந்தப் பிள்ளை திடுக்கிடக் கூடாதெண்டு தன்ர வீட்டுக் கதவையே தட்டிப்போட்டு வாற ஆள். என்ர அம்மா பக்கத்தில இருந்தவ. நான் பயந்துபோய்ச் சொல்லிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இவ்வளவும் சொன்ன பிறகு எனக்கு அழுகை வந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. என் மானத்தைக் கொடுத்து உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று. அவள் அதிர்ந்து போவாள் என்றும் எதிர்பார்த்தேன்.

அவள் அதிரவில்லை.

"நீங்கள் ஆரெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் அக்கா" என்றாள். "உங்கட நம்பரைத் தந்தவரே அவர்தான். உங்களைப் பற்றி முதல்நாளே எனக்குச் சொன்னவர். நான் மகளை நினைச்சுப் பயப்பிட, 'என்னைப் பற்றிக் கேக்கிறதெண்டா அவவிட்டக் கேளுங்கோ, அவவுக்குத்தான் நான் வீட்டில எப்பிடியெண்டு தெரியும், அவ பொய் சொல்லமாட்டா' எண்டு அவர்தான் சொன்னவர். உங்களை வெக்கப்படுத்தக் கூடாது, தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கொள்ள வேண்டாம் எண்டும் அவர்தான் சொன்னவர்."

கிளினிக்குக்கு வருகிறவர் என்று நான் சொன்னபோது அவள் பேசாமல் இருந்தது அப்போதுதான் விளங்கியது.

"யோசிச்சுப் பாருங்கோ" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "ஒண்டே கால் வருசம் அந்த வீட்டுக்குப் போய்வந்த பொம்பிளை, எனக்கு அவரைத் தெரியாது எண்டுறா. பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடு, யோசிச்சுச் செய் எண்டுறா. நான் அதை என்னெண்டு எடுக்கிறது? வேற ஆராவது சொல்லியிருந்தா நான் காதிலயும் போட்டிருக்க மாட்டன்."

"அது பொய். சத்தியமாப் பொய். இப்ப சொல்லுறதுதான் உண்மை."

"இருக்கலாம் அக்கா. நீங்கள் அழுறது கேக்குது. ஆனா பிள்ளையின்ர விசயத்தில எனக்கு ஒருக்காச் சந்தேகம் வந்திட்டுது. அது வந்தாப் பிறகு போகாது. நான் நைற் வேலைக்குப் போய் நிண்டு அதைத்தான் யோசிப்பன்."

கார்க் கண்ணாடிக்கு வெளியே எங்கள் மருத்துவர் சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். எனக்குக் கை காட்டினார். நானும் காட்டினேன்.

"அவருக்கு நான் சொன்னதைச் சொன்னனீங்களோ?" என்று கேட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் என்னைப் பற்றித்தான் கேட்டேன்.

"இல்லை. அவருக்கு உங்களில நல்ல மரியாதை. அதை ஏன் கெடுப்பான்? மகள் ஓமெண்டேல்லை எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள். பிறகு, இரவு வேலைக்கு முதல் கொஞ்சம் படுக்க வேண்டும் என்று சொல்லி வைத்தாள்.

ஜூன் கடைசியில் பல் சுத்தம் செய்ய அவருக்கு நேரம் இருந்தது. பட்டியலில் பெயரைக் கண்டு, அன்றைக்கு லீவு எடுப்போமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. அவர் வந்தால் சொல்லிவிட வேண்டும், இரண்டு நிமிடம் வெளியே கூட்டிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து மனத்தைத் தயார் செய்தேன். சொல்ல வேண்டிய வசனங்களைக்கூடப் பாடமாக்கினேன்.

வந்தார். தலையில் நரை கூடியிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை எல்லோருடைய விபரத்தையும் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். முகவரி அதேதான், மருந்து ஒன்றும் இல்லை. படிவத்தில் அடுத்த கட்டம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஆள். அதையும் கேட்க வேண்டும்.

"அவசரம் எண்டா ஆருக்கு அடிக்கிறது? மருமகளின்ர நம்பர்தான் இருக்கு."

"அவ இப்ப வன்கூவரில. அதை எடுத்துவிடுங்க" என்றார். "இப்போதைக்கு ஒருத்தரும் இல்ல. சும்மா விடுங்க."

அந்தக் கட்டத்தை வெறுமையாக்கினேன். பின்னால் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் மேசையில் கொஞ்சம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அஜக்ஸில இருந்து அவ உங்களுக்கு எடுத்தவ எண்டு தெரியும். உங்களுக்குச் சொல்லாம நம்பரைக் குடுத்ததுக்குக் குறை நினைக்காதீங்க. நீங்க எனக்காக நல்லாத்தான் சொல்லியிருப்பீங்க. சின்னப் பிள்ளைக்குப் பிடிக்கல்ல, அதுக்கு ஆரு என்ன செய்யிற? உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும் எண்டு இருந்தன்."

பாடமாக்கிய வசனங்கள் எல்லாம் வாய்க்குள் இருந்தன. அவர் என்னை அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதுக்கென்ன" என்றேன்.